தண்ணீருக்கு அந்தப் பக்கம்

எனக்குத் தண்ணீர் என்றால் பயம். இதைச் சொல்லிக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் கிடையாது. ஐம்பதைத் தாண்டியாயிற்று, இனிமேல் யார் கண்ணுக்குத் தைரியசாலியாகத் தெரிந்து என்ன ஆகப்போகிறது? சின்ன வயதில் ஒரு தடவை எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை பெங்களூர் அல்சூர் ஏரியில் படகில் ஏற்றினார்கள். நடு ஏரியில் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, மறுபடியும் நிமிர்ந்தது. அவ்வளவுதான். யாரும் விழவில்லை, ஒருத்தி பாவாடைகூட நனையவில்லை. ஆனால் பயம் வருவதற்கு ஏதாவது நடந்தே ஆக வேண்டும் என்று யார் சொன்னது? அன்றிலிருந்து குளம், கிணறு, கடல், ஓட்டல் நீச்சல்குளம் எதன் ஓரத்திலும் நான் நிற்க மாட்டேன்.

அப்படிப்பட்டவள் கோல்ஃப் ஆடப் போன இடம் எது தெரியுமா? விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு ரிசார்ட்டின் மைதானம். எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர். புல்வெளிக்கு இடது கையில் ஏரி, வலது கையில் குட்டை, நடுவில் வாய்க்கால். பிழைப்புக்காகத்தான் போனேன். என் கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து வருகிற க்ளையண்ட்கள் விமானத்தை விட்டு இறங்கியதும் நேரே அங்கேதான் போவார்கள். பேச வேண்டியதையெல்லாம் புல்லின் மேல் நடந்துகொண்டே பேசி முடித்துவிடுவார்கள். "நீங்களும் கத்துக்குங்க மேடம். இல்லேன்னா டீல் முடியறப்போ நீங்க காபி ஷாப்புல உட்கார்ந்திருப்பீங்க" என்றார் என் மேலாளர். ரோஷம் வந்துவிட்டது. கற்றுக்கொண்டேன்.

நான் வேலைக்காகக் கற்றுக்கொண்டதை என் கணவர் வேடிக்கை பார்க்க வந்து பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டார் என்றால் பைத்தியம் பிடித்த மாதிரி. அவர் பல வருஷம் ஒரு தொழிற்சாலையில் பிரஸ் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர். அந்தச் சத்தம் அவருடைய இரண்டு காதையும் தின்றுவிட்டது. முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தவருக்கு, பச்சைப் புல்லும் வெள்ளைப் பந்தும் புது உயிர் கொடுத்தது போல ஆகிவிட்டது. வீட்டில் உட்கார்ந்து சமையல்காரம்மாவோடு உப்பு புளிக்குச் சண்டை போடுவதற்கு இது தேவலை.

ஆனால் இரண்டு விஷயத்தில் எங்களுக்குத் தீராத வழக்கு. ஒன்று, அவருடைய காது மெஷின். அந்த மைதானத்தில் ஆடிக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேலேயே விமானங்கள் இறங்கும். சக்கரங்கள் விரிவது கண்ணுக்குத் தெரியும். "மெஷினைப் போட்டுக்கினு இருக்கசொல்ல ஒரு பிளேன் வந்தா, மண்டைக்குள்ள பிரஸ்ஸு ஓடுற மாதிரி இருக்குதும்மா" என்பார். முதல் ஹோலுக்கு, அதாவது முதல் குழிக்கு, போவதற்குள் இரண்டையும் கழற்றிச் சின்ன டப்பியில் போட்டு, பக்கியில் தண்ணீர் பாட்டில் வைக்கிற குழியில் வைத்துவிடுவார். அந்த மின்சார வண்டிதான் பக்கி, அதில்தான் மைதானம் முழுக்கச் சுற்றுவோம்.

"நான் கூப்பிட்டா எப்படிங்க கேக்கும்?" என்று கேட்டால், "நீ கூப்ட்டு நான் எப்போம்மா கேட்டிருக்கேன்?" என்று சிரிப்பார்.

இன்னொன்று, அந்தக் கம்பி. ஜெர்மனியில் வேலை பார்க்கிற எங்கள் பெண் அப்பாவின் பிறந்தநாளுக்கு வாங்கி அனுப்பியது. தண்ணீரில் விழுந்த பந்தை எடுப்பதற்கென்றே செய்த கம்பி. மடக்கினால் குடை அளவு இருக்கும், இழுத்தால் இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் நீளும். நுனியில் ஒரு குட்டிக் கிண்ணம். அவர் அதற்குத் தூண்டில் என்று பேர் வைத்திருந்தார். மற்றவர்கள் பந்து தண்ணீரில் விழுந்தால் உச்சுக்கொட்டிவிட்டு வேறு பந்து எடுப்பார்கள். இவர் கரையில் குந்திக்கொண்டு துழாவ ஆரம்பித்துவிடுவார். தன் பந்தோடு ஊரார் பந்தும் நாலு வரும். எல்லாவற்றையும் ஜீவனஹள்ளி வீட்டுக்குக் கொண்டுவந்து சோப்புத் தண்ணீரில் கழுவி பால்கனியில் காயவைப்பார். பக்கத்து வீட்டு அம்மா ஒரு நாள், "இன்னாக்கா, முட்டை யாவாரம் ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

கையில் கம்பியோடு தண்ணீர் ஓரத்தில் அவர் குந்துகிற ஒவ்வொரு தடவையும் நான் பக்கியை விட்டு இறங்காமல் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பேன். வழுக்கினால்? நீச்சல் தெரியாது அவருக்கும். அதனால் நான் பயந்ததெல்லாம் தண்ணீருக்குத்தான். ஆகாயத்துக்குப் பயப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அது மே மாதம். பெங்களூரில் மே மாதத்து வெயிலை நம்பக்கூடாது. மத்தியானம் வரை மண்டையைப் பிளக்கும், சாயங்காலம் ஆனால் எங்கிருந்தோ மேகம் திரண்டு வந்து போட்டுத் தாக்கிவிட்டுப் போகும். அன்றைக்கு எனக்கு லீவு. நந்தி மலைப் பக்கம் கருத்துக்கொண்டு வந்ததை நான் கிளம்பும்போதே பார்த்தேன்.

"மேகத்தைப் பாத்தீங்களா? இன்னொரு நாள் போலாமே."

"பாதி ஆட்டம்தாம்மா. மழை வர்றதுக்குள்ள முடிச்சிக்கினு வந்துடலாம்."

வாரநாள் என்பதால் மைதானத்தில் கூட்டம் இல்லை. முன்னால் ஒரு கோஷ்டி, பின்னால் யாருமே இல்லை. எனக்குப் பிடிக்காத அந்த ஹோலுக்கு வந்து சேர்ந்தபோது மலைப் பக்கத்து மேகம் பாதி வானத்தைப் பிடித்திருந்தது.

அந்த ஹோல் எப்படி என்றால், நாம் நிற்கிற மேட்டுக்கு முன்னால் ஏரி. அதற்கு அந்தப் பக்கம் குழியும் கொடியும் இருக்கிற பச்சைத் திட்டு. ஒரே அடியில் பந்து ஏரியைத் தாண்டி அங்கே போய் விழ வேண்டும். என் பந்து தாண்டியதே இல்லை. பந்துக்கும் என் பயம் தெரியும் போலிருக்கிறது, நேராகப் போய் நடு ஏரியில் குதிக்கும். மேட்டிலிருந்து திட்டுக்குக் குறுக்கே ஒரு மரப்பாலம் உண்டு. பலகைகளுக்கு நடுவே இடைவெளி, இடைவெளி வழியே கீழே கறுப்புத் தண்ணீர். கைப்பிடி என்று பேருக்கு ஒரு கயிறு. அந்தப் பாலத்தில் நான் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. அவர் பாலத்தில் நடந்து போவார், நான் பக்கியை ஓட்டிக்கொண்டு ஏரியைச் சுற்றித் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற மாதிரி அந்தப் பக்கம் போய்ச் சேருவேன். எங்களோடு ஆடுகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த கூத்து இது.

அன்றைக்கும் என் பந்து ஏரிக்குள். அவருடையது கிட்டத்தட்டத் தாண்டிவிட்டது, திட்டின் ஓரத்தில் பட்டு உருண்டு கரையோரத் தண்ணீரில் இறங்கியது. "அடச்சே!" என்றார். முகத்தில் வருத்தமே இல்லை. தூண்டிலை எடுத்துக்கொண்டு பாலத்தில் நடந்து போய்விட்டார்.

நான் மட்டைகளைப் பையில் செருகிவிட்டு, பக்கியில் உட்காரப் போனேன். அப்போதுதான் ஏதோ சரியில்லை என்று பட்டது. என்ன என்று உடனே தெரியவில்லை. அப்புறம் புரிந்தது. சத்தம் இல்லை. வெகு நேரமாக ஒரு விமானம்கூட இறங்கவில்லை. அந்த மைதானத்தில் விமானச் சத்தம் கடிகாரச் சத்தம் மாதிரி, இருக்கும்போது காதில் விழாது. நின்றால்தான் தெரியும். அத்தனை பெரிய விமானங்களையே இறங்க விடாமல் எங்கேயோ சுற்ற வைத்திருக்கிறார்கள் என்றால், வானத்தில் என்ன இருக்கிறது? நிமிர்ந்து பார்த்தேன். மேகம் சட்டிக்கரியாக நின்றது. அதன் வயிற்றுக்குள் என்னவோ வெளுத்து அணைந்தது.

ஹாரன் ஊதியது. மின்னல் வந்தால் அந்த மைதானத்தில் நீளமாக ஒரு ஹாரன் ஊதுவார்கள். ஊதினால் போட்டது போட்டபடி எல்லாரும் கூரைக்கு அடியில் போய்விட வேண்டும். எனக்குப் பின்னாலேயே அதற்கென்று கட்டிய கொட்டகை இருந்தது. தூரத்தில் முன்னால் ஆடிய கோஷ்டியின் பக்கிகள் புல்லின் மேல் பாய்ந்து ஓடுவது தெரிந்தது.

என் கணவர் குந்தியிருந்தார். ஏரிக்கு அந்தப் பக்கம், தண்ணீர் ஓரத்தில், தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டு ஆள் உயரக் கம்பியைத் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டு.

"ஏங்க!" என்று கத்தினேன். "ஏங்க! கம்பியைப் போடுங்க! வந்துடுங்க!"

செவிடன் காதில் ஊதின சங்கு என்று சொந்தக்காரர்கள் அவரைக் கேலி பேசும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும், பேசியவர்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன். அன்றைக்கு அந்த நீளமான ஹாரன் ஊதிக்கொண்டே இருக்க, அவர் பாட்டுக்குத் துழாவிக்கொண்டிருந்ததைப் பார்த்து அந்தப் பழமொழியே என் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துவிட்டது. அவருடைய போன் பக்கியில். காது மெஷின் டப்பியும் பக்கியில். நான் இந்தக் கரையில். வண்டியில் சுற்றிப் போனால் போய்ச் சேருவதற்குள் என்ன வேண்டுமானாலும் ஆகலாம். பாலம் என்று ஒன்று எதிரே இருப்பதையே என் புத்தி பார்க்க மறுத்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அது என் கண்ணில் படவே இல்லை.

கண்ணில் பட்டது பந்துதான். ஒரு பந்தை அவருக்கு முன்னால் தண்ணீரில் விழ வைத்தால் நிமிர்ந்து பார்ப்பார் அல்லவா? பையிலிருந்து மட்டையை உருவினேன். இடி மின்னலில் மேட்டின் மேல் நின்று இரும்பு மட்டையைத் தலைக்கு மேல் தூக்குவது எமனுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிற வேலை. அது தெரிந்தேதான் தூக்கினேன். இதுவரை ஏரியில் விழக்கூடாது என்று வேண்டிக்கொண்டு அடித்தவள், ஏரியில் விழ வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு அடித்தேன். கொஞ்சம் தூரம் கூடிப்போய் அவர் மண்டையில் பட்டால்? கோல்ஃப் பந்து பட்டு ஆள் செத்திருக்கிறது. மாரியாத்தா, தாயே, என் புருஷன் தலைக்கு மட்டும் போய்விடாதே!

முதல் பந்து பாதி ஏரியில் தொப்பென்று விழுந்தது. அவர் பார்க்கவில்லை. இரண்டாவது பந்து, அவ்வளவு அழகாக நான் என் ஆயுளில் அடித்ததில்லை, உயரே எழும்பிப் போய் அவருக்கு ஐந்தாறு அடி முன்னால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இறங்கியது.

நிமிர்ந்தார். கடவுளே, நிமிர்ந்துவிட்டார். நான் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். வானத்தைக் காட்டினேன். ஓடி வாருங்கள் என்று சைகை செய்தேன்.

அவர் சிரித்தார். ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். பந்து தண்ணீரில் விழுந்தால் ஆட்டக்கணக்கில் ஒரு அடி அபராதம், அதைத்தான் காட்டுகிறார் மனுஷன்! நான் விடாமல் ஆடுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். நான் கையை ஆட்டியது, பந்து போய்விட்டதே என்று அடித்துக்கொண்டதாகத் தெரிந்திருக்கிறது. பரவாயில்லை, நான் எடுத்துத் தருகிறேன் என்பது போல் தலையை ஆட்டிவிட்டு, என் பந்து விழுந்த இடத்துக்காகக் கம்பியை இன்னும் நீளமாக இழுத்தார். கால்சட்டையை ஏற்றிவிட்டுக்கொண்டு தண்ணீருக்குள் ஒரு காலை வைத்தார். அப்புறம் இன்னொரு காலை.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. கரையில் இருந்தவரை நானே தண்ணீருக்குள் இறக்கிவிட்டேன். இந்தத் தடவை மின்னல் மேகத்துக்குள் இல்லை. ஏரிக்கு மேலேயே கோடாகக் கிழித்தது, இடி அதோடு சேர்ந்தே வந்தது, என் பல்லெல்லாம் அதிர்ந்தது. அவர் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு கம்பியை ஆட்டிக்கொண்டிருந்தார்.

மட்டையை எங்கே எறிந்தேன் என்று தெரியாது. ஏதோ காலிலிருந்து கழன்றதாக நினைவு, ஒற்றை ஷூதான் அது. பாலத்தின் முதல் பலகை என் பாதத்துக்குக் கீழே குழைந்தது. இடைவெளியில் தண்ணீர் தெரிந்தது. கறுப்பாக, மழையின் முதல் துளிகள் விழுந்து குழி குழியாக. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று வாயால் சொல்வது சுலபம். எனக்கு ஒவ்வொரு சாணும் தெரிந்தது. பாலம் ஆடியது, ஏரியே சாய்கிறது என்று தோன்றியது. அந்தப் பழைய படகு மறுபடியும் என்னை ஏற்றிக்கொண்டு சாய்கிறது, இந்தத் தடவை நிமிராது. கயிற்றைப் பிடிக்கக்கூடக் கை நீளவில்லை. ஓடினேன். என் உடம்பில் இருந்த அத்தனை நரம்பும் நில் நில் என்று கதறியது, நான் ஓடினேன். வாயிலிருந்து என்ன சத்தம் வந்தது என்று எனக்கே தெரியாது. அதைக் கேட்க அங்கே யாரும் இல்லை.

நடுப்பாலத்தைத் தாண்டியபோது அவர் தலை நிமிர்ந்தது. என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். சிரிப்பு அப்படியே வடிந்து, முகம் சாம்பலாகிவிட்டது. கம்பியைக் கையிலிருந்து உதறினார், ஏதோ சுட்டுவிட்ட மாதிரி. தண்ணீரைக் கலக்கிக்கொண்டு கரையேறி, வழுக்கி விழுந்து எழுந்து, பாலத்தை நோக்கி ஓடி வந்தார்.

பாலம் முடிகிற இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். "இன்னாம்மா? பொண்ணுக்கு இன்னா ஆச்சு? போன் வந்துச்சா? சொல்லும்மா, பொண்ணுக்கு இன்னா?"

பேசினாலும் அவருக்குக் கேட்காது. சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்து இழுத்தேன். திட்டுக்குப் பின்னால் மணல் பள்ளம் ஒன்று இருந்தது. அதில் இரண்டு பேரும் விழுந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு குறுகினோம். அவர் இன்னமும் "பொண்ணு, பொண்ணு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் வானத்தைக் காட்டினேன். அந்த நேரத்தில்தான் இடி விழுந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற தென்னையில். வெளிச்சம் முதலில் வந்ததா சத்தம் முதலில் வந்ததா, எனக்குத் தெரியாது. அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். காது கேட்காதவருக்கும் அந்த இடி நெஞ்செலும்பில் கேட்டிருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் மைதானத்து ஊழியர் ஒருவர் கூரை போட்ட வண்டியில் மழையைக் கிழித்துக்கொண்டு வந்தார். "பேக ஹத்தி மேடம், பேக!" என்று கன்னடத்தில் சீக்கிரம் ஏறச் சொல்லிக் கத்தினார். ஏறினோம். நான் அவருடைய கையை விடவே இல்லை. நகம் பதிந்து ரத்தம் கட்டியிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

ரிசார்ட்டின் வராந்தாவில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தோம். யாரோ காபி கொண்டுவந்து வைத்தார்கள். எங்கள் பக்கியையும் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். டப்பியை எடுத்து வந்து, மெஷினைத் துடைத்துக் காதில் மாட்டிக்கொண்டார். அதற்காகவே காத்திருந்தவள் நான். பிடி பிடி என்று பிடித்துக்கொண்டேன். என்ன சொன்னேன் என்று எழுதினால் நன்றாக இருக்காது. பக்கத்து மேசைக்காரர்கள் காபியோடு உள்ளே எழுந்து போய்விட்டார்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"மின்னலைப் பாத்தேம்மா" என்றார் மெதுவாக. "இடி கேக்கல. அதனால ரொம்ப தூரத்துல எங்கியோன்னு நெனச்சிக்கினேன்."

"அப்புறம் எப்போதான் பயம் வந்துச்சு? ஏரி மேல அடிச்சதும்தானே கம்பியைப் போட்டீங்க?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மின்னலுக்கா நான் கம்பியைப் போட்டேன்? நீ பாலத்து மேல ஓடியாந்தே. அத்தப் பாத்துத்தான். நீயே தண்ணி மேல வர்றேன்னா, வரக்கூடாதது எதுவோ வந்துடுச்சுன்னு எனுக்கு ஈரக்குலையே அறுந்துடுச்சும்மா."

ஆறிப்போன காபியைக் குடித்தேன். மழை விட்டு, தெற்கே வானம் கொஞ்சம் வெளுத்து, எங்கள் தலைக்கு மேலாக முதல் விமானம் இறங்கியது. அவர் மெஷினைக் கழற்றவில்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அந்தச் சத்தம் முழுவதையும் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுவாரம் போனபோது கம்பி கரையோரத் தண்ணீரிலேயே கிடந்தது. ஒரு கீறல்கூட இல்லை. "பாத்தியா, ஒண்ணும் ஆவல" என்று வாயெடுத்தவர், என் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். இப்போதெல்லாம் அவர் காதை மாட்டிக்கொண்டுதான் ஆடுகிறார். ஆனால் பாட்டரி எப்போது தீரும் என்று அதற்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

நான் இன்றைக்கும் பக்கியில்தான் ஏரியைச் சுற்றிப் போகிறேன். எங்களோடு ஆடுகிறவர்கள் கேட்கிறார்கள், "அதான் ஒரு தடவை ஓடியே தாண்டிட்டீங்களே மேடம், இன்னும் என்ன பயம்? நடந்து வாங்களேன்." சிரித்துவிட்டு வண்டியைக் கிளப்புகிறேன். அந்தப் பாலத்தில் தினமும் நடந்து பழகிக்கொண்டேன் என்றால், அடுத்த தடவை அவர் எதைப் பார்த்துக் கம்பியைப் போடுவார்?